எட்டுப் படி கறக்கும் எருமை யார் வீட்டில்?

சிரிக்கிறதுக்கு ஒரு கதை சொல்லட்டுமா? வயித்தைப் புடிச்சிக்கிட்டு உருளுற மாதிரி ஒரு சிரிப்பு இதுல இருக்கு. ஆனா இப்ப இல்ல. சிரிப்பு கொல்லைப்புற வாசல்ல உக்காந்திருக்கு. நாம முன்வாசல் வழியா நுழைஞ்சு, எருமையைப் பாத்து, பூனையைப் பாத்து, மூணு ஊரைச் சுத்திட்டுத்தான் அங்க போய்ச் சேரணும். நடுவுல யாராச்சும் பல்லைக் காட்டினா கதை அங்கேயே படுத்துக்கும், சொல்லிட்டேன். ம் மட்டும் கொட்டணும்.

ஒரு ஊர்ல, ஊருக்குப் பேரு புளியடி, அங்க சடச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் போய்ச் சேந்துட்டான். இருந்தது மூணு பிள்ளைங்க, காரின்னு ஒரு எருமை, காரிக்கு ஒரு கன்னு. கன்னுக்கு நெத்தியில வெள்ளையா ஒரு சுட்டி இருந்ததால அதுக்குப் பேரே சுட்டி. காலையில கறக்குற பால் ஊருக்குப் போகும், அதுல அரிசி வரும். சாயங்காலம் கறக்குற பால் பிள்ளைங்களுக்கு. அவ்வளவுதான் அந்தக் குடும்பம். காரி மடியிலதான் நாலு உசிரும் தொங்கிக்கிட்டு இருந்துச்சுன்னு வெச்சுக்கோங்களேன்.

அந்தச் சீமையில ஒரு வழக்கம். யார் வீட்டு எருமை எவ்வளவு கறக்குதுன்னு கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. கேட்டா கண்ணு பட்டுரும், மடி வத்திரும்னு பயம். தப்பித்தவறி யாராச்சும் கேட்டுட்டா, குடம் நிறையக் கறக்குறவ கூட "ஏதோ பிள்ளைங்க நாக்கு நனையுது"ன்னு சொல்லிட்டு மூணு தடவை துப்புவா. ஒண்ணுமே கறக்காதவளும் அதையேதான் சொல்லுவா. அதனால யார் வீட்டுல பால் பொங்குது, யார் வீட்டுல பானை காயுதுன்னு யாருக்குமே தெரியாது.

இப்படி இருக்கையில ஒரு செவ்வாக்கிழமை, கழுதை கழுத்துல மணி கிணுகிணுங்க, பச்சைத் தலைப்பா கட்டிக்கிட்டு, தங்கப்பழம்னு ஒரு வியாபாரி வந்து சேந்தானாம். ஆள் பேசுனா பாதிப் பேச்சு மூக்கு வழியாத்தான் வரும். "தாயீ… தாயீ…"ன்னு அவன் இழுத்தா, படுத்திருக்கிற நாய்கூட எந்திரிச்சு என்னங்கன்னு கேக்கும். கூடை நிறையப் பூவரச இலையில மடிச்ச பொட்டலம். பொட்டலத்து மேல சிவப்பா ஒரு முத்திரை.

பொடியாம். எருமை தின்னா எட்டுப் படி கறக்குமாம். இமயமலையில ஒரு சாமியார் ஒத்தைக் கால்ல நின்னு தோண்டின வேராம், அது ஒண்ணு. ராசா தொழுவத்துல அத்தனை எருமையும் இதைத்தான் தின்னுதாம், அது ரெண்டு. ஆத்தடியில மூக்காயின்னு ஒருத்தி இருக்காளாம், அவ எருமை இந்தப் பொடியைத் தின்னு எட்டுப் படி கறக்குதாம், அது மூணு.

கூடி நின்ன பொம்பளைங்க விலை என்னன்னு கேட்டாங்க. அவன் காதைப் பொத்திக்கிட்டான். காசா, தாயீ, காசுன்னு சொல்லாதீங்க, இது சாமி வேருன்னான். ஒரு கன்னு குடுத்தாப் போதுமாம். அதுவும் இன்னைக்கே வேண்டாமாம். பொட்டலத்தை இப்ப வெச்சுக்கிட்டு, வெள்ளிக்கிழமை வரும்போது கன்னைக் குடுத்தாப் போதுமாம்.

கன்னு இல்லாம எருமை எப்படிச் சுரக்கும்னு சடச்சி கேட்டா. அதுக்கும் அவன் மூக்குல பதில் வெச்சிருந்தான்.

"அதுதான் தாயீ பொடியோட மகிமை. கன்னைப் பாக்காமலே சுரக்கும். வேணும்னா மூக்காயிகிட்டப் போயிக் கேளு. ஆனா எத்தனை படின்னு மட்டும் கேட்டுராத. பாவம், கண்ணு பட்டுரும்."

ஊரே தலையாட்டுச்சு. சடச்சியும் ஆட்டுனா. புத்திசாலின்னு அவளைப் பத்திச் சொல்லத்தான் எனக்கும் ஆசை, ஆனா உள்ளதைச் சொல்லணுமில்ல? எட்டுப் படின்னதும் அவ கண்ணுக்கு முன்னால மூணு பிள்ளைங்களும் மூக்கு வரைக்கும் பால் மீசையோட வந்து நின்னுச்சுங்க. எவதான் ஆட்ட மாட்டா?

அன்னைக்குச் சாயங்காலம் கறக்க உக்காந்தா. சுட்டி ஓடி வந்து முட்டி முட்டி ரெண்டு வாய் குடிச்சுது. காரி கண்ணை மூடிக்கிட்டு கன்னோட முதுகை நக்கிக்கிட்டே பாலை விட்டுச்சு. சடச்சிக்குக் கை நின்னு போச்சு. கன்னு முட்டாம காரி இதுவரைக்கும் ஒரு சொட்டு இறக்குனதில்ல. வெள்ளிக்கிழமை கன்னு போயிரும். பொடி பலிக்கலைன்னா? கன்னும் போச்சு, பாலும் போச்சு, பிள்ளைங்க எதைக் குடிக்கும்?

அப்ப உக்காந்து யோசிச்சா. இமயமலை எங்க இருக்குன்னே தெரியாது. ராசா தொழுவத்துக்குள்ள நம்மளை விட மாட்டாங்க. ஆனா ஆத்தடி? பொழுது ஏறுறதுக்குள்ள நடந்துரலாம். அவன் சொன்ன மூணுல நம்ம காலுக்கு எட்டுறது ஒண்ணுதான், அதையாச்சும் பாத்துட்டு வந்துருவோம்னு, பிள்ளைங்களையும் காரியையும் பக்கத்து வீட்டுல ஒப்படைச்சுட்டு, புதன்கிழமை விடிஞ்சதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு நடந்தாளாம்.

நடந்தா, நடந்தா, நடந்தா, ஆத்தடி வந்துச்சு.

மூக்காயி நல்லவ. வா மதினின்னு கூப்பிட்டு, பாய் விரிச்சு, வெத்தலை குடுத்து உக்கார வெச்சா. இப்ப எப்படிக் கேக்குறது? எத்தனை படின்னு கேக்கக் கூடாது. பொடி பலிச்சுதான்னு கேட்டாலும் அதே கேள்விதானே? சடச்சி வெத்தலையை மென்னுக்கிட்டே வீட்டைச் சுத்திப் பாத்தா. மூலையில ஒரு பூனை.

எட்டுப் படி கறக்குற வீட்டுப் பூனை எப்படி இருக்கணும்? தலையணைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கணும். இந்தப் பூனை ஓலை பிரிஞ்ச கூரை மாதிரி விலா எலும்பைக் காட்டிக்கிட்டு, பழைய கஞ்சித்தண்ணியை நக்கிக்கிட்டு இருந்துச்சு. எருமையைப் பத்திக் கேக்கத்தான் கூடாது. பூனையைப் பத்திக் கேக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?

"மதினி, உங்க பூனைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவ்வளவுதான். மூக்காயி முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு ஓன்னு அழுதா பாருங்க. கன்னைக் குடுத்த நாள்லேருந்து எருமை வாசலையே பாத்துக் கத்திக்கிட்டு நிக்குதாம், மடியில கை வெச்சா ஒதைக்குதாம். பொடி நல்ல பொடிதானாம், அவ கைராசிதான் சரியில்லையாம். வெளியில சொன்னா வெக்கக்கேடுன்னு வாயைக் கட்டிக்கிட்டு இருக்காளாம். மலையடியில குருவம்மான்னு ஒருத்திக்கு எட்டுப் படி கறக்குதுன்னு கேள்விப்பட்டுத்தான் அவளே வாங்குனாளாம்.

சடச்சிக்கு அந்த அழுகையைப் பாக்கப் பொறுக்கல. அவ கண்ணைத் துடைச்சு விட்டு, நான் அந்தக் குருவம்மாளையும் ஒரு எட்டு பாத்துட்டு வாரேன், அழாம இருன்னு சொல்லிட்டு எந்திரிச்சா.

நடந்தா, நடந்தா, நடந்தா, மலையடி வந்துச்சு.

குருவம்மா வீட்டுப் பூனை சுவத்துல ஒரு பல்லியைத் தேடிப் பாதிச் சுவர் ஏறி நின்னுச்சு. பசிச்ச பூனைக்குத்தான் பல்லி வேட்டை. உங்க பூனைக்கு உடம்பு சரியில்லையான்னு இவ கேட்டா. குருவம்மா சண்டைக்காரி, அழ மாட்டா. அவ மொதல்ல பூனையைத் திட்டுனா, அப்புறம் எருமையைத் திட்டுனா, அப்புறம் தன்னையே திட்டிக்கிட்டா, கடைசியில இவ தோள்ல சாஞ்சு விக்குனா. அவளுக்கும் அதே கதை. கன்னு போச்சு, பால் போச்சு, ஊருக்குள்ள மூச்சு விடல. அவ யாரை நம்பி வாங்குனா? கோயிலடி சிட்டம்மாளை நம்பி. அவளுக்குத்தான் எட்டுப் படியாம்.

யாரோ சிரிக்கிற மாதிரி சத்தம் கேட்டுச்சே? இன்னும் வரல. வாயை மூடு.

நடந்தா, நடந்தா, நடந்தா, கோயிலடி வந்துச்சு.

சிட்டம்மா வீட்டுல பூனையே இல்ல. எங்க பூனைன்னு சடச்சி கேட்டா. அது கோவிச்சுக்கிட்டு எண்ணெய்க்காரர் வீட்டுக்குக் குடித்தனம் போயிருச்சுன்னு சொல்லிட்டு சிட்டம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. மீதியைச் சடச்சியே சொன்னா. கன்னு போச்சு, பால் போச்சு, கைராசி சரியில்ல, வெளியில சொல்லல, இல்லையா அக்கா? சிட்டம்மாளுக்கு ஆச்சரியம், இது எப்படித் தெரியும்னு. சரி, நீங்க யாரை நம்பி வாங்குனீங்கன்னு இவ கேட்டா.

சிட்டம்மா கண்ணு விரிஞ்சுது. "புளியடியில ஒரு புண்ணியவதி இருக்காளாம். அவ வீட்டுல பால் பானையைத் தூக்க ரெண்டு ஆளாம். வாசல் தெளிக்கிறதே மோர்லதானாம். அவ பேரு சடச்சி. நீயும் அந்தப் பக்கம்தானே, அவளை நீ பாத்திருக்கியா?"

சடச்சி தன் காலைப் பாத்தா. மூணு ஊர்ப் புழுதி. முந்தானையைப் பாத்தா. ரெண்டு ஒட்டு.

"பாத்திருக்கேன் அக்கா. கெணத்துல தண்ணி எடுக்கக் குனியும்போதெல்லாம் பாப்பேன். இதே மூஞ்சிதான்."

சிட்டம்மாளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆச்சு. விளங்கினதும் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. சிரிப்பு வரல, பிள்ளைங்களா. கோவம்தான் பத்திக்கிட்டு எரிஞ்சுது.

சடச்சிக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு உச்சி வெயில்ல, பச்சைத் தலைப்பாக் கட்டின ஒருத்தன் வழியில நின்னு தண்ணி கேட்டான். பாவமேன்னு இவ ஒரு செம்பு மோர் குடுத்தா. குடிச்சிட்டு, உன் பேரு என்ன தாயீ, எருமை பேரு என்ன தாயீன்னு விசாரிச்சுட்டுப் போனான். செவ்வாக்கிழமை எட்டுப் படிங்கிற பேச்சுல அந்தத் தலைப்பா அவ கண்ணுல படவே இல்ல. குடிச்ச மோருக்கு அவன் செஞ்ச கைம்மாறு இது. அவ பேரைக் கொண்டு வந்து கோயிலடியை ஏமாத்துனான். கோயிலடி பேரைச் சொல்லி மலையடியை, மலையடி பேரைச் சொல்லி ஆத்தடியை, ஆத்தடி பேரைச் சொல்லிப் புளியடியை. வட்டம் சுத்தி அவ வாசலுக்கே வந்து அவளையே தலையாட்ட வெச்சுட்டான்.

கோயிலுக்குப் பின்னால அவனோட பட்டி. சிட்டம்மா கூட்டிட்டுப் போய்த் தூரத்துலேருந்து காட்டுனா. ஊருக்குப் பன்னண்டா மூணு ஊர்க் கன்னும் சேத்து முப்பத்தாறு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வெறும் வாயைத் திறந்து திறந்து மூடுச்சுங்க. அந்தப் பக்கம் அவன் அடுப்புச் சாம்பல்ல தவிட்டைக் கலந்து கையாலேயே அள்ளிப் பொட்டலம் மடிச்சுக்கிட்டு இருந்தான். இமயமலை அந்த அடுப்புக்குள்ளதான் இருந்துச்சு போல.

ஊர்ப் பெரியவர்கிட்ட முறையிட்டா என்னன்னு சடச்சி கேட்டா. போயாச்சு, நடக்கலைன்னா சிட்டம்மா. கயிறு கை மாறினா மாடு கை மாறுச்சு, அதுதான் நம்ம சீமை வழக்கம். உங்க கையாலதானே கயித்தைக் குடுத்தீங்க, அவனாத் தன் கையால திருப்பிக் குடுத்தாத்தான் உண்டுன்னு சொல்லி அனுப்பிட்டாராம்.

அவனாத் தன் கையால. சடச்சி அந்த வார்த்தையை ரெண்டு தடவை வாயில போட்டு மென்னா. அப்புறம் சிட்டம்மா காதுல என்னமோ சொன்னா. அன்னைக்கு அங்கேயே தங்கிட்டு, வியாழக்கிழமை வந்த வழியே திரும்பி நடந்தா. மலையடியில குருவம்மா காதுல சொன்னா, ஆத்தடியில மூக்காயி காதுல சொன்னா. எல்லார்கிட்டயும் மொதல்ல சொன்னது ஒண்ணுதான். உன் கைராசியில ஒரு குத்தமும் இல்லடி, நீ ஒருத்தி மட்டும் ஏமாறல, நாங்க எல்லாருமே ஏமாந்தோம்னு சொன்னா. அதைக் கேட்டதுக்கே மூக்காயிக்குப் பாதிப் பாரம் எறங்குச்சாம். ரெண்டாவதா அவ சொன்னது என்னன்னு நான் இப்ப சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. தங்கப்பழம் முப்பத்தாறு கன்னையும் ஓட்டிக்கிட்டுக் கெளம்புனான். புளியடிக் கன்னுங்களையும் சேத்துக்கிட்டு அப்படியே சந்தைக்குப் போயிரலாம்னு கணக்கு. கோயிலடி வாசல்ல சிட்டம்மா பதினோரு பொம்பளைங்களோட ஒண்ணும் தெரியாத மூஞ்சியோட நின்னா. உங்களுக்கு விசயம் தெரியாதான்னு கேட்டா. ராணிக்குப் பிள்ளை பொறந்திருக்காம். தாயைப் பிரிஞ்சு ஒரு கன்னும் அழக்கூடாதுன்னு ராசா வேண்டிக்கிட்டாராம். பிரிச்ச கன்னைத் தன் கையாலேயே தாய்கிட்டச் சேக்குறவருக்குக் கன்னுக்கு ஒரு சோடி காளையாம், இன்னைக்குப் பொழுது சாயுற வரைக்கும்தானாம். மலையடியில ஒருத்தர் அப்படிச் சேத்துக் காளைக் காளையா ஓட்டிட்டுப் போனாராம்.

தங்கப்பழம் மூக்குல ஒரு சத்தம் போட்டான். யாரு அவரு, எத்தனை காளைன்னு கேட்டான். சிட்டம்மா காதைப் பொத்திக்கிட்டா.

"ஐயய்யோ, எத்தனைன்னு கேக்கலாமா? கண்ணு பட்டுரும்னு நீங்கதானே சொன்னீங்க. மலையடியில போயிக் கேளுங்க."

இப்ப அவன் யோசிச்சிருக்கணும். ஆனா மலையடிக்குப் போய் விசாரிச்சிட்டுத் திரும்பி வந்தா, மத்த ஊருக்குப் போறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். பன்னண்டு கன்னுக்குப் பன்னண்டு சோடி. அவன் கண்ணுக்கு முன்னால இருபத்தினாலு காளை கொம்பை ஆட்டுச்சு. சரி, பொய்யா இருந்தாலும் பன்னண்டு கன்னுதானே, மீதி இருக்கேன்னு, பன்னண்டு கயித்தையும் அவனாத் தன் கையால எடுத்துக் குடுத்தான். ஊர்ப் பெரியவரும் பாத்துக்கிட்டு நின்னாரு. கன்னுங்க ஓடுன ஓட்டத்துல ரெண்டு வேலி சாஞ்சுதாம்.

மலையடி வந்தான். குருவம்மா இடுப்புல கை வெச்சுக்கிட்டு நின்னா. அந்த ஆளு இங்க இல்ல, ஆத்தடியாம்லன்னா. ஆனா சேதி உண்மைதானே, கோயிலடியும் சொல்லுது, மலையடியும் சொல்லுதுன்னு அவனே தனக்குச் சொல்லிக்கிட்டான். அந்த ஊர்ப் பன்னண்டு கயித்தையும் குடுத்தான்.

ஆத்தடி வந்தான். மூக்காயிக்கு நடிக்கத் தெரியாது, அவ பாட்டுக்குத் தரையைப் பாத்துக்கிட்டே, அவரு புளியடியில சடச்சி வீட்டுல மோர் குடிக்க வந்துருவாருன்னு சொன்னா. மூணு ஊரு சொல்லுதே, பொய்யா இருக்குமா? அவன் கடைசிப் பன்னண்டையும் குடுத்தான். மூக்காயி கையில கயிறு வந்ததும் அவ எருமை கட்டை அத்துக்கிட்டு வந்து கன்னை நக்குன நக்குல, கன்னு நாலு தடவை விழுந்து எந்திரிச்சுதாம். அவ அழுதாளாம், இந்தத் தடவை வாயைப் பொத்திக்கல. இதெல்லாம் பின்னால அவளே சடச்சிகிட்டச் சொன்னது.

பொழுது சாயப் போற நேரம். புளியடியில சடச்சி வாசல்ல காரி அசை போட்டுக்கிட்டு நின்னுது. சுட்டி மடியில முட்டிக்கிட்டு இருந்துச்சு. பிரிக்காத பொட்டலம் கூரையில செருகினபடியே இருந்துச்சு. கிணுகிணுன்னு கழுதை மணிச் சத்தம் கேட்டுச்சு. தங்கப்பழம் வந்தான். கையில ஒரு கம்பு மட்டும். நாலு ஊரு நடந்ததுல தலைப்பா கழுத்துக்கு வந்திருந்துச்சு, மூக்குக்கூட அடைச்சுப்போய் வாயாலதான் பேச்சு வந்துச்சு.

சடச்சிக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சதெல்லாம் அவன் நின்ன கோலத்தைப் பாத்ததும் கொஞ்சம் அணைஞ்சு போச்சு. உக்காருங்கன்னு சொல்லி, போன தடவை மாதிரியே ஒரு செம்பு மோர் குடுத்தா. அவன் ஒரே மூச்சுல குடிச்சு முடிச்சான். ராசாவோட ஆளுங்க எங்க, காளையெல்லாம் எங்க கட்டியிருக்குன்னு எட்டி எட்டிப் பாத்தான். அங்க காரியைத் தவிர ஒண்ணும் இல்ல.

"தாயீ, கன்னையெல்லாம் தாய்கிட்டச் சேத்துக் காளை வாங்குனாராமே ஒருத்தர், அவரு எங்க?"

"இருக்காருங்க."

"நீ உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேங்க. பச்சைத் தலைப்பா. கூட ஒரு கழுதை. முப்பத்தாறு கயித்தையும் ஒரு கயிறு விடாம அவராத் தன் கையால குடுத்திருக்காரு. இப்பத்தான் ஒரு செம்பு மோர் குடிச்சாரு."

அவன் சுத்திமுத்திப் பாத்தான். பச்சைத் தலைப்பா யாரையும் காணோம். எங்க தாயீ, எனக்குத் தெரியலையேன்னான்.

சடச்சி அந்தச் செம்பைக் கழுவி, தண்ணி மொண்டு அவன் கையில குடுத்தா. "மூஞ்சி கழுவிக்கோங்க. கழுவுறதுக்கு முந்தி உள்ள ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. அவரு அங்கதான் இருக்காரு."

தங்கப்பழம் குனிஞ்சு பாத்தான். பாத்துக்கிட்டே இருந்தான். தண்ணிக்குள்ள பச்சையா என்னமோ ஆடுச்சு. ஆட்டம் மெதுமெதுவா நின்னுச்சு.

தண்ணியும் தெளிஞ்சுது, கன்னும் தாய்கிட்டப் போச்சு, கதையும் கயிறு கை மாறிப் போச்சு. ம், இப்ப சிரிங்க.